கொம்பனியாரும் வருத்தம் இல்லாத தீவும்

எங்கடை நயினாதீவுக்கு முதன்முதலா நோய் வருத்தத்துக்கு இன்சூரன்ஸ் கொண்டுவந்த ஆள் நான்தான்.

சரி, பொய். கொண்டுவந்தது கொம்பனியார் எண்டு நாங்கள் கூப்பிடுற மனிசன். நான் அதுக்கு வள்ளம் ஓட்டினனான். அதிலையும் அரைவாசி பொய். ஓட்டினது எஞ்சின். நான் விழாமல் அதைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை இருந்தனான்.

மூண்டாம் வகுப்போடை நான் பள்ளிக்கூடத்தை விட்டனான். உள்ளதைச் சொன்னால் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. அதாலை இதிலை கால், கொம்பு மாறி விழுந்திருந்தால் பேப்பர்க்காரர் திருத்திப் போடுவினம். கொம்பனியாரைத் திருத்த மட்டும் ஒருத்தராலையும் ஏலாது. இந்த உலகத்திலை வருத்தக்காரரைத் தவிர்த்து மிச்ச எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆயத்தமா நிண்ட ஒரே மனிசன் அவர்தான்.

ஆள் எங்கடை தீவுதான். சின்ன வயசிலை கொழும்புக்குப் போய், அங்கை ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியிலை முப்பத்திரண்டு வருசம் இருந்திட்டு, கலவரத்தோடை கப்பலிலை வந்து இறங்கினவர். மற்றச் சனம் உடுத்த உடுப்போடை வந்துதுகள். இவர் உடுத்த கோட்டோடை வந்தார். கறுத்தக் கம்பளிக் கோட்டு. பங்குனி வெய்யிலுக்கும் அதுதான், ஆடிக் காத்துக்கும் அதுதான். அலுமாரியிலை பூச்சி அரிக்காமல் போடுவினமே வெள்ளை உருண்டை, அதிலை நாலு எப்பவும் கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை கிடக்கும். அவர் ஒழுங்கையாலை திரும்ப முதலே மணம் திரும்பி வந்திடும். கொம்பனியிலை அவர் என்னவா இருந்தவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கோட்டைப் பார்த்திட்டு மனேச்சர் எண்டு நாங்களே முடிவெடுத்திட்டம். அவரும் மறுக்கேல்லை.

கொம்பனி குடுத்த காசையெல்லாம் போட்டு ஒரு வள்ளமும் எஞ்சினும் வாங்கினார். எங்களுக்கு விளங்கேல்லை. மீன் பிடிக்கப் போறாரோ எண்டு கேட்டம்.

"மீன் பிடிக்கிறதோ? நான் ஆக்களைக் காப்பாத்தப் போறன்" எண்டார்.

விசயம் இதுதான். எங்கடை தீவிலையிருந்து அக்கரையிலை இருக்கிற குறிகட்டுவானுக்கு லாஞ்ச் ஓடும். காத்து எழும்பினால் லாஞ்ச் நிண்டிடும். லாஞ்ச் நிண்டால் தீவிலை இருக்கிறவன் தீவிலைதான். பிள்ளைப்பேறோ, பாம்புக்கடியோ, நெஞ்சு நோவோ, கடல் அடங்குமட்டும் பொறுத்துக்கொள்ளவேணும். கொம்பனியார் சொன்னார், "குடும்பத்துக்கு மாசம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் தாங்கோ. நான் பீப்பாயிலை சேர்த்து வைக்கிறன். ஆருக்கு வருத்தம் வந்தாலும், லாஞ்ச் ஓடாட்டிலும், எங்கடை வள்ளம் ஓடும்."

நல்ல யோசினைதானே? தீவே கை தட்டினது. அடுத்த நாள் விடியப் போத்தலோடை அவற்றை படலையிலை வரிசை. அப்பதான் மனிசன் கொப்பியை விரிச்சுது.

"போத்தலை அங்காலை வையுங்கோ. முதல் பரிசோதினை. வருத்தக்காரரைச் சேர்க்க ஏலாது. கொம்பனிச் சட்டம்."

"வருத்தக்காரரைச் சேர்க்காட்டில் ஆரை அண்ணை சேர்க்கிறது?"

"வருத்தம் இல்லாதவையை."

"வருத்தம் இல்லாதவைக்கு வள்ளம் என்னத்துக்கு?"

"அதுதானே! எண்ணெய் மிஞ்சும்" எண்டார், எனக்கு மூளை இப்பதான் திறந்தமாதிரி.

பரிசோதினை எண்டால் சும்மா இல்லை. முதல் நாக்கை நீட்டவேணும். அவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திப்போட்டு, எங்கடை நாக்கை எழுத்துக் கூட்டி வாசிக்கிறமாதிரிப் பார்ப்பார். பிறகு பரம்பரை விசாரணை.

"உம்மடை அப்பப்பா எதாலை செத்தவர்?"

"முருங்கையிலை ஏறி விழுந்து, அண்ணை."

"முருங்கையிலை ஏறினவரோ? அப்ப அது மூளை வருத்தம். பரம்பரையா வரும். உமக்கு ரண்டு போத்தல்."

பக்கத்து வீட்டுக்காரி வயித்துப் பிள்ளையோடை போனா. அவவைச் சேர்த்தார். வயித்திலை இருக்கிற ஆளை நிறுத்தி வைச்சார், நாக்குப் பார்க்க ஏலாதாம். எழுபது வயசுக் கிழவர் ஒருத்தர் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி" எண்டார். "வயசும் ஒரு வருத்தம்தான் அப்பு" எண்டு போத்தலைத் திருப்பிக் கையிலை குடுத்தார்.

தேறினவைக்கு ஒரு மட்டை. மட்டையிலை சீல். அந்தச் சீலைப் பற்றிச் சொல்லவேணும். கொழும்பாலை கொண்டுவந்தது ஒரே ஒரு றப்பர் சீல்தான், இங்கிலீசிலை. என்ன எழுதியிருக்கெண்டு கேட்டன். "ஏற்றுக்கொள்ளேல்லை எண்டு இருக்கு" எண்டார். "அப்ப சேர்த்த ஆக்களுக்கு?" "தலைகீழாக் குத்தினால் சேர்த்தாச்சு." எங்கடை தீவிலை அரைவாசிச் சனம் அந்த மட்டைக்குக் கண்ணாடி போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்திலை மாட்டி வைச்சிருந்ததுகள். ஒருத்தருக்கும் இங்கிலீசு வாசிக்கத் தெரியாதது எவ்வளவு நல்லதாப் போச்சு.

கடைசிப் பரிசோதினைதான் கண்டம். மேசையிலை ஒரு குப்பி விளக்கைக் கொளுத்தி வைப்பார். மூண்டடி தள்ளி நிண்டு ஒரே மூச்சிலை ஊதி அணைக்கவேணும். அணைஞ்சால் நெஞ்சு சுகம். அணையாட்டில் போத்தலைத் தூக்கிக்கொண்டு வீட்டை போகலாம்.

இதிலைதான் நான் மாட்டினனான். என்ரை மனிசி பரிமளத்துக்கு முட்டு. சின்ன வயசிலையிருந்தே இழுக்கும். போன வருசச் சோளகக் காத்திலை லாஞ்ச் நிண்டு, ரண்டு நாளாக் கதிரையிலை குந்தியிருந்தபடியே மூச்சுக்குச் சண்டை பிடிச்சவ. நான் பக்கத்திலை இருந்து விசிறினனான். அதைவிட எனக்கு வேறை ஒண்டும் தெரியாது. மூண்டாம் நாள் கடல் அடங்கினபடியாலை மனிசி மிஞ்சினா. அதாலை தீவிலை ஆருக்கு மட்டை கிடைக்காட்டிலும் அவவுக்குக் கிடைச்சே ஆகவேணும்.

"நீங்கள்தானே வள்ளம் ஓட்டுறீங்கள், பிறகென்ன?" எண்டு பரிமளம் கேட்டா.

"வள்ளம் என்ரை கையிலை. எண்ணெய்ப் பீப்பாயின்ரை திறப்பு அந்தாளின்ரை கோட்டுக்குள்ளை."

"அந்த விளக்கை நான் ஊதினால் விளக்கு நிக்கும், நான் விழுந்திடுவன்."

"நீ வாயை மட்டும் குவி. மிச்சத்தை நான் பார்க்கிறன்."

பரிசோதினை மேசை கிடுகு வேலிக்குப் பக்கத்திலை இருந்தது. பரிமளத்தின்ரை முறை வாறதுக்கு முதல், நான் குசினியிலை அடுப்பூதுற குழலை எடுத்துக்கொண்டு வேலிக்கு அங்காலை போய்க் குந்தினனான். கிடுகை விலக்கிக் குழலை நுழைச்சு, விளக்குக்கு நேரை பிடிச்சாச்சு. சைகை என்னெண்டால் அவ தலையைச் சொறியிறது.

கொம்பனியார் "ஊதும்" எண்டார். பரிமளம் தலையைச் சொறிஞ்சா. நான் என்ரை பாட்டன் பூட்டன் எல்லாற்றை மூச்சையும் சேர்த்து ஒரு ஊது ஊதினனான்.

குழலுக்குள்ளை ஒரு மாசச் சாம்பல் இருந்ததை நான் யோசிக்கேல்லை.

விளக்கு அணைஞ்சுது. விளக்கு மேசையாலை உருண்டு விழுந்துது. கொம்பனியாற்றை முகம், மீசை, கண்ணாடி எல்லாம் சாம்பல். நான் வேலிக்குப் பின்னாலை கண்ணை மூடிக்கொண்டு, இண்டையோடை முடிஞ்சுது எண்டு இருந்தன். பிறகு கொம்பனியாற்றை குரல், கும்பிடுறமாதிரி:

"பிள்ளை, இப்பிடி ஒரு நெஞ்சை நான் கொழும்பிலையும் காணேல்லை!"

மட்டையிலை சீலைத் தலைகீழா ரண்டு தரம் குத்திக் குடுத்தார். அதுக்குப் பிறகு ஊதேலாமல் நிண்டவையைப் பார்த்து, "சின்னராசாவின்ரை மனிசியைப் பார்த்துப் படியுங்கோ" எண்டு சொல்லத் தொடங்கினார். சின்னராசா நான்தான்.

இதோடை நிண்டிருந்தால் பகிடிதான். நிக்கேல்லை.

கொம்பனியாருக்குச் சந்தேகம் வந்திட்டுது, சனம் சேர்ந்த பிறகு வருத்தத்தை ஒளிக்குது எண்டு. அதாலை ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், தீவிலை இருந்த சின்னக் கவுண்மெந்து டிஸ்பென்சரிக்கு நேர் எதிர்ப்பக்கம், பூவரச மரத்துக்குக் கீழை போட்டார். குடையும் கொப்பியுமா இருப்பார். ஆர் உள்ளை போனாலும் பேர் எழுதுவார். மூண்டு தரம் பேர் விழுந்தால் மட்டை போச்சு.

அவ்வளவுதான். டிஸ்பென்சரிப் பக்கம் சனம் தலை வைச்சும் படுக்கேல்லை. காய்ச்சல்காரர் தலையிலை துவாயைக் கட்டிக்கொண்டு "முழுகினனான்" எண்டுதுகள். சொறிச்சல்காரர் பொக்கற்றுக்குள்ளை கையை விட்டுக்கொண்டு நடந்துதுகள். ஒழுங்கையிலை கொம்பனியாற்றை கோட்டு மணம் வந்தால், இருமல்காரர் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு வேலியைப் பார்த்துக்கொண்டு நிக்கும். கவுண்மெந்து சும்மா குடுக்கிற மருந்து உள்ளை கிடக்கு, அதை வாங்கப் பயந்துகொண்டு சனம் வெளியிலை நிக்குது. ஏனெண்டு கேட்டால், வருத்தம் வந்தால் உதவுமெண்டு வாங்கின மட்டையைக் காப்பாத்த! எங்கடை புத்திக்கு இதைவிடச் சாட்சி வேணுமோ? நானும் அதுக்குள்ளை ஒருத்தன்தான். பரிமளத்துக்கு மாசா மாசம் எடுக்கிற முட்டுக் குளிசையை நிப்பாட்டினனான். அவ கேட்டதுக்கு, "மட்டை இருக்குத்தானே" எண்டனான். மட்டையைக் கரைச்சுக் குடிக்கிறதோ எண்டு அவ திருப்பிக் கேட்டா.

மூண்டு மாசம் போச்சு. டிஸ்பென்சரியிலை மருந்து குடுக்கிற அப்போதிக்கரி ஐயா ஈ இலையான் அடிச்சு அலுத்துப்போய், இலையானுக்கே பேர் வைக்கத் தொடங்கினார். அவர் மேலிடத்துக்கு அனுப்பின கடுதாசியிலை ஒவ்வொரு மாசமும் "வருத்தக்காரர்: இல்லை." மேலிடத்திலை என்ன நினைப்பினம்? இந்தத் தீவிலை வருத்தமே இல்லை எண்டு நினைச்சிட்டினம். மருந்து அனுப்புறதைக் குறைச்சினம். பிறகு, டிஸ்பென்சரியைக் கிழமைக்கு ஒருநாள் திறந்தால் காணும் எண்டு ஒரு கதை வந்துது. அதை விசாரிக்க ஒரு பி.எச்.ஐ.யை அனுப்பிச்சினம். சுகாதாரம் பார்க்கிற கவுண்மெந்து உத்தியோகத்தர். கரம்பொன் ஆள். சைக்கிளை லாஞ்சிலை ஏத்திக்கொண்டு வந்தார். மெலிஞ்ச மனிசன், நாக்கு மட்டும் கத்தி.

ஆடி மாசம், பின்னேரம் மூண்டு மணி. வாசிகசாலையிலை கூட்டம். சோளகம் எழும்பி, மத்தியானத்தோடை லாஞ்ச் நிண்டிட்டுது. பி.எச்.ஐ. முன்னாலை நிக்கிறார். பக்கத்திலை கொம்பனியார், கோட்டும் கொப்பியும். நாங்கள் வாங்கிலை, கலியாணப் படத்துக்கு இருக்கிறமாதிரி விறைச்சுப்போய்.

"இந்தத் தீவிலை வருத்தமே இல்லையாம். உண்மையோ?"

"ஓம்" எண்டது சனம்.

"காய்ச்சல்?"

"இல்லை."

"இருமல்?"

எல்லாரும் முகத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு தலையை ஆட்டிச்சினம். பின் வாங்கிலை ஆரோ பெரிசாத் தும்மினது. பி.எச்.ஐ. நிமிர்ந்து பார்த்தார்.

"அது ஆரப்பா?"

"ஆடு, ஐயா" எண்டது பின் வாங்கு.

"ஆடு எங்கை?"

"இப்பதான் வெளியிலை போயிட்டுது."

பி.எச்.ஐ. ஒருத்தற்றை மட்டையை வாங்கிப் பார்த்தார். தலையைச் சரிச்சார். இன்னும் சரிச்சார். கழுத்துச் சுளுக்கிற அளவுக்குச் சரிச்சு வாசிச்சிட்டு, கொம்பனியாரைப் பார்த்தார். கொம்பனியார் பெருமையாக் கோட்டை இழுத்து விட்டார்.

அந்தக் கோட்டு மணம்தான் வினையாப் போச்சு. யன்னலெல்லாம் பூட்டிக் கிடந்தது, சோளகக் காத்துக்கு. பரிமளம் முன் வாங்கிலை இருந்தா, தீவிலேயே நல்ல நெஞ்செண்டு கொம்பனியார்தான் பிடிச்சு இருத்தினவர். நான் சுவரோரம் நிண்டனான். அவவின்ரை முதுகு ஏறி இறங்கிறதைக் கண்டன். சத்தம் வராமல் வாயைச் சீலைத் தலைப்பாலை பொத்திப் பிடிச்சிருக்கிறா. திரும்பி என்னைப் பார்த்தா. வாய்ச் சொண்டு நீலம்.

இதிலை ஒண்டை ஒளிக்காமல் சொல்லவேணும். நான் உடனை கத்தேல்லை. கத்தினால் மட்டை போச்சு, மட்டை போனால் எண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லாட்டில் வள்ளம் இல்லை எண்டு என்ரை மூளை கணக்குப் பார்த்துது. ஒரு விநாடிதான். பகிடிக்காரனெண்டு பேர் எடுத்தவன் நான். அந்த ஒரு விநாடியை வைச்சு இண்டைக்கும் என்னாலை ஒரு பகிடி விட ஏலாது.

பிறகு கத்தினனான். "முட்டு! அவவுக்கு முட்டு! பிறந்ததிலையிருந்து முட்டு! விளக்கை ஊதினது நான்! யன்னலைத் திறவுங்கோ!"

பின் வாங்கிலை ஒருத்தர் அடக்கி வைச்ச இருமலை விட்டார். அதோடை அணை உடைஞ்சுது. மூண்டு மாச இருமல் எல்லாம் ஒரேயடியா வெளியிலை வந்துது பாருங்கோ, வாசிகசாலைக் கூரை எழும்பி இருந்துது. "எனக்குச் சீனி வருத்தம் ஐயா!" "எனக்கு மூலம்!" "எனக்குக் காது கேக்காது, அதாலை என்ன கேட்டனீங்களெண்டும் தெரியாது!" ஆட்டுக்காரன் எழும்பி, "தும்மினது நான்தான்" எண்டு அழுதான்.

அப்போதிக்கரி ஐயா டிஸ்பென்சரிக்கு ஓடிப்போய் ஓடி வந்தார். "ஊசி மருந்து இல்லை. இந்த முறை அனுப்பேல்லை. உங்கடை தீவிலை முட்டு இல்லையெண்டு நிப்பாட்டிப்போட்டினம்."

பி.எச்.ஐ. கொம்பனியாருக்கு முன்னாலை போய் நிண்டார். "ஐயா, எண்ணெய்த் திறப்பைத் தாங்கோ."

கொம்பனியார் கொப்பியைத் திறந்தார். "சேர முதலே இருந்த வருத்தமெண்டால்... பதினோராம் சட்டம்..."

"எங்கடை கவுண்மெந்து ஆஸ்பத்திரியிலை ஒரு சட்டம்தான் ஐயா. வந்தவனை முதல் படுக்க வை. எப்ப தொடங்கினதெண்டு பிறகு கேள்."

"கொம்பனியிலை அப்பிடி இல்லை."

"நீங்கள் கொம்பனியிலை என்னவா இருந்தனீங்கள்?"

மனிசன் கொப்பியை மூடினார். எங்களைப் பார்க்கேல்லை, பரிமளத்தைப் பார்த்தார்.

"பியோன்" எண்டார். "காசு இல்லையெண்டு முடிவெடுக்கிறது மேலை. அந்தக் கடுதாசியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் குடுக்கிறது நான். முப்பத்திரண்டு வருசம். வாங்கிற கையைத்தான் பார்ப்பன். முகத்தைப் பார்க்கிறேல்லை."

சொல்லிப்போட்டு ஓடத் தொடங்கினார். அறுபத்தைஞ்சு வயசு மனிசன், சப்பாத்தோடை, பீப்பாய் இருந்த பக்கம். நான் பரிமளத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்குப் போய்ச் சேர முதல், அவர் ரண்டு கையிலையும் எண்ணெய்க் கானோடை அங்கை நிக்கிறார். பி.எச்.ஐ.யும் வள்ளத்திலை குதிச்சிட்டார். கொம்பனியார் காலை வைச்சார்.

"நீங்கள் எங்கை அண்ணை? உங்களுக்கு நீந்தத் தெரியாதே!"

"கடுதாசியைக் குடுத்திட்டுத் திரும்பி நடந்தது காணும், தம்பி. எஞ்சினை இழும்."

"வாறதெண்டால் அந்தக் கோட்டைக் கழட்டுங்கோ. அந்த மணம்தான் அவவைக் கொல்லுது."

கழட்டினார். அப்பதான் நாங்கள் கண்டது. உள்ளுக்குச் சேட்டிலை கழுத்தும் முன்பக்கமும் மட்டும்தான் இருந்துது. பின்பக்கம் இல்லை. உக்கிப் போச்சு. இருந்த காசையெல்லாம் வள்ளத்திலையும் எஞ்சினிலையும் போட்டிட்டு, மனிசன் வெய்யில் மழை எல்லாத்துக்கும் ஏன் அந்தக் கோட்டோடை திரிஞ்சவரெண்டு ஒருத்தரும் கேக்காமலே விளங்கினது. நான் எஞ்சினை இழுத்தனான்.

கடல் நல்ல குணத்திலை இல்லை. ஒவ்வொரு அலையும் வள்ளத்தைத் தூக்கி, வேணுமோ வேண்டாமோ எண்டு யோசிச்சு, திருப்பிப் போட்டுது. பி.எச்.ஐ. தண்ணி இறைச்சார், சத்தியும் எடுத்தார், ரண்டையும் ஒரே சட்டியாலை. கொம்பனியார் பரிமளத்தை நிமிர்த்தி இருத்தி, முதுகிலை கையை வைச்சுக்கொண்டு, பரிசோதினை மேசையிலை கூப்பிடுறமாதிரியே கூப்பிடத் தொடங்கினார்.

"அடுத்த ஆள் வாரும்!"

பரிமளம் ஒரு மூச்சு எடுத்தா.

"சேர்த்தாச்சு. அடுத்த ஆள்!"

இன்னொரு மூச்சு.

"சேர்த்தாச்சு. ஒருத்தரும் திரும்பிப் போகக் கூடாது. அடுத்த ஆள் வாரும் பிள்ளை, நேரம் போகுது!"

குறிகட்டுவான் மட்டும் இதுதான். எத்தினை பேரைச் சேர்த்தாரோ தெரியாது. ஒரு ஆளையும் விடேல்லை. ஒருக்கா மூச்சு வரப் பிந்தினது. நான் அவவின்ரை பேரைச் சொல்லிக் கத்தினனான். அவர் மட்டும் குரலை உயர்த்தாமல், "வருவினம், வருவினம், வரிசை நீளம்" எண்டார். வந்துது.

குறிகட்டுவானிலை ஒரு கார்க்காரன் கேள்வி இல்லாமல் ஏத்தினான். ஆஸ்பத்திரியிலையும் பி.எச்.ஐ. சொன்னமாதிரித்தான். முதல் படுக்க வைச்சினம். ஊசி போட்டினம். மூக்கிலை குழாயை வைச்சினம். பேர் ஊர் கேட்டது அதுக்குப் பிறகுதான். பொழுது படேக்கை பரிமளம் கண்ணைத் திறந்து முதல் கேட்டது என்னை இல்லை. "அந்த மனிசனுக்கு ஒரு சேட்டு வாங்கிக் குடுங்கோ" எண்டா.

அடுத்த கிழமை பி.எச்.ஐ. திரும்பி வந்தார். வாசிகசாலைப் பலகையிலை வெண்கட்டியாலை தானே எழுதினார். ஆரையும் தள்ளக் கூடாது. வருத்தக்காரர் முன் வாங்கிலை. ஆர் குடுத்தாலும் ஒரே ஒரு போத்தல்தான், முருங்கையிலை ஏறின பரம்பரைக்கும் அதே போத்தல்தான். கொப்பியை மாசா மாசம் கவுண்மெந்துக்குக் காட்டவேணும். கொம்பனியார் கோவிப்பார் எண்டு நினைச்சம். மனிசன் கொப்பிக்குப் பழுப்புக் கடுதாசியாலை உறை போட்டு, எப்ப வருவியள் ஐயா எண்டு பி.எச்.ஐ.யைப் பார்த்துக்கொண்டே இருந்துது.

பூவரசுக்குக் கீழை இருந்த கதிரையைத் தூக்கி டிஸ்பென்சரி விறாந்தையிலை போட்டவை. கொம்பனியார் அதிலை இருந்து இப்பவும் பேர் எழுதுறார். வந்த ஆக்களை இல்லை, வராத ஆக்களை. ஒழுங்கையிலை பிடிச்சு நிப்பாட்டுவார்.

"சின்னராசா, உமக்கு இந்த மாசம் ஒரு வருத்தமும் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"எனக்குச் சந்தேகமாக் கிடக்கு. நாக்கை நீட்டும்."

அவற்றை ஆக்கினை தாங்கேலாமல் சனம் டிஸ்பென்சரிக்கு ஓடத் தொடங்கினது. பிள்ளையளுக்கு ஊசி போடுற நாளிலை அவரே வீடு வீடாப் போவார். படலையைத் தட்டிப்போட்டு இப்ப முகத்தைப் பார்த்துத்தான் கதைக்கிறது. அப்போதிக்கரி ஐயாவுக்கு இலையான் அடிக்க நேரம் இல்லை. அவற்றை கடுதாசியிலை பேரெழுத இடம் காணாமல் பின்பக்கமும் எழுதினார். மேலிடத்திலை பயந்துபோய், "இந்தத் தீவுக்குத் திடீரெண்டு என்ன நடந்தது?" எண்டு கேட்டு, மருந்தும் அனுப்பி, கிழமையிலை ஆறு நாளும் திறக்கச் சொல்லிச்சினம். வயித்திலை நிறுத்தி வைச்சிருந்த ஆளும் பிறந்து, நாக்கும் காட்டி, மட்டையும் வாங்கியாச்சு.

இதைவிடப் பெரிய கதை ஒண்டு இருக்கு. கச்சேரியிலையிருந்து, கவுண்மெந்துப் பெரிய ஒபிசிலையிருந்து, ஒரு பெரிய ஐயா வந்தவர், இந்த மண்ணெண்ணெய்த் திட்டத்துக்கு அனுமதி எடுத்ததோ, ஆர் பொறுப்பெண்டு விசாரிக்க. வெள்ளைக் களிசான், காருக்குள்ளை மாதிரி வள்ளத்துக்குள்ளையும் கால் மேலை கால். கொம்பனியார் அவரை மேலும் கீழும் பார்த்திட்டு, "ஐயா, வெய்யிலிலை வந்திருக்கிறியள், முதல் நாக்கை..." எண்டு தொடங்க, அந்த ஐயா...

"இஞ்சாருங்கோ! கேக்குதோ?"

பரிமளம் கூப்பிடுறா. குரலிலை மூச்சு நல்லா இருக்கு, தீவு முழுக்கக் கேக்கும்.

"என்னப்பா? எழுதிக்கொண்டிருக்கிறன்."

"எழுதினது காணும். கொம்பனியண்ணை படலையிலை நிக்கிறார். இண்டைக்கு அவருக்குக் கண் கிளினிக். நேற்று வேறை பெடியள் கூட்டிக்கொண்டு போறமெண்டு கேட்டவங்களாம், மாட்டனெண்டிட்டாராம்."

போகவேணும். அந்த மனிசனுக்கு இப்ப கொப்பியைக் கண்ணோடை ஒட்டி வைச்சால்தான் எழுத்துத் தெரியும், முன்னாலை நிக்கிறது ஆரெண்டும் மங்கலாத்தான் தெரியுது. என்ரை கையைப் பிடிச்சால் மட்டும்தான் வள்ளத்திலை காலை வைப்பார். எனக்கும், அந்தக் கை பிடிக்காத நாளிலை எஞ்சினை இழுக்க மனம் வாறேல்லை.